பஞ்சவர்ணம் டீச்சரின் பீரியட்

பட்டாபிராம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பஞ்சவர்ணம் புவியியல் டீச்சர். யாருக்கும் இல்லையென்று சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயர்தான் அவரைக் கவிழ்த்தது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் சம்பத் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"டீச்சர், போர்ஷன் முடியல. ஒங்க பீரியட் குடுங்களேன்."

பஞ்சவர்ணம் உலகப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நம் பள்ளிகளில் புவியியல் பீரியட் என்றால் ஊர்ப் பொதுச் சொத்துதானே!

குவைத் சண்டையில் தப்பி வந்த ஜமீலா பத்தாம் வகுப்பில் சேர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"அங்க எங்களுக்கு இங்கிலாந்து சிலபஸ் மிஸ். ஜியாகரபி தனிப் பாடம். வெளிய கூட்டிட்டுப் போய் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு குறிக்கச் சொல்வாங்க. இங்க ஏன் ஹிஸ்டரிக்குப் பின்னால ஒட்டி வெச்சிருக்காங்க?"

டீச்சர் உலகப் படத்தை ஆணியில் மாட்டினார்.

"பிளஸ் ஒன்ல நான் ஜியாகரபி குரூப்தான் மிஸ்" என்றாள் ஜமீலா. அன்று முழுக்க டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அந்தக் குரூப்புக்கு ஆள் சேரவில்லை, அடுத்த வருஷம் மூடிவிட்டு கம்ப்யூட்டர் குரூப் கொண்டுவரலாம் என்று தலைமையாசிரியர் உலகநாதன் சொல்லியிருந்தார். பஞ்சவர்ணம் பிள்ளை பிடிக்க வெள்ளானூர் வரை வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"மேப்பு பட்ச்சா இன்னா வேல கீது டீச்சர்? ஊட்டுக்கு வழி தெரிஞ்சா போதாதா?" என்று ஒரு பையனின் அம்மா கன்னியம்மா சிரித்து, மோர் கொடுத்து அனுப்பினாள்.

கடைசியில் ஜமீலா ஒருத்தியை நம்பி உலகநாதனிடம் போய் நின்றார்.

"மத்த நாட்டுல எல்லாம் இதுக்கு எவ்ளோ மதிப்பு குடுக்கறாங்க சார்..."

"இருக்கட்டும்மா. ஒங்க பீரியட்ல பாதிய சம்பத்துதானே எடுத்தாரு? பெத்தவங்க ஒருத்தராவது வந்து ஏன்னு கேட்டாங்களா?"

ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் சம்பத் வழக்கம்போல வாசலில் நின்றார்.

"இல்ல சார், இன்னிக்குத் தர மாட்டேன்."

தன் வாயா சொன்னது என்று பஞ்சவர்ணத்துக்கே நம்ப முடியவில்லை. பெஞ்சிலிருந்து ஜமீலா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சாரே எடுக்கட்டும் மிஸ். அத்தா கம்ப்யூட்டர் குரூப்தான்னு சொல்லிட்டாரு. கணக்குல மார்க் வேணுமாம்."

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பஞ்சவர்ணம் ஆணியிலிருந்து உலகப் படத்தைக் கழற்றினார். சம்பத் மறுமுனையைப் பிடித்து, கசங்காமல் சுருட்டிக் கொடுத்தார்.