திங்கட்கிழமை பூட்டியிருந்த கோர்டோபா

சுவிஸில் விமானச் சீட்டு விற்பவர்களுக்குத் தமிழன் உல்லாசப் பயணியே அல்ல. ஸ்பெயினில் கோர்டோபாவுக்கு என்றதும் சீட்டு மேசையில் இருந்த பெண், "அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்றார். பார்க்க என்றேன். நம்பவில்லை.

1997 ஏப்ரல். நானும் சிவபாலன் அண்ணையும் சூக் நகரில் ஒரே உணவகச் சமையலறையில் வேலை. அங்கே அவர் பாத்திரம் கழுவுபவர், ஊரில், மட்டக்களப்பில், வீடு கட்டும் மேசன். கோர்டோபாவிலிருந்து எட்டுக் கிலோமீட்டரில், மதீனா அசாரா என்ற ஆயிரம் வருடப் பழைய அரண்மனை நகரைத் தோண்டியெடுத்து, கல்லுக்குக் கல் திரும்ப அடுக்குவதைத் தொலைக்காட்சியில் கண்டதிலிருந்து அதை நேரில் பார்க்கவேண்டும் என்று நின்றார்.

ஆண்டு விடுமுறை ஜனவரியில், முதலாளி உணவகத்தைப் பூட்டும்போது மட்டும். மற்றபடி உணவகம் பூட்டியிருக்கும் ஞாயிறும் திங்களும்தான் எங்களுடையவை. அதற்குள் அடங்க நானே திட்டம் போட்டேன். விசாவுக்கு ஐந்து வாரம். ஜெர்மன் பேசும் தனி வழிகாட்டியை ஃபாக்ஸில் பிடித்தேன். மூன்று மணிநேரம், 12,000 பெசேட்டா. அதிகம்தான். ஐம்பது பேரோடு கொடிக்குப் பின்னால் ஓட நாங்கள் ஆடுகள் இல்லை.

ஞாயிறு காலை 7.10 விமானம். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேமுக்கால் மணிநேரம். 3.30க்கு, இப்போது தேவாலயமாக இருக்கும் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்தோம். வழிகாட்டி கார்மென் வளைவுகளைக் காட்ட, அண்ணை குந்தியிருந்து தூண்களின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவவுக்குச் சொல்லு. தூணெல்லாம் ஒரே உயரமில்லை. பழைய கட்டடங்களில கழட்டிக் கொண்டந்து நட்டிருக்கிறாங்கள். நெட்டையை நிலத்துக்குள்ள இறக்கி மட்டம் எடுத்திருக்கிறாங்கள், கெட்டிக்காரர்."

சொன்னேன். கார்மென் திகைத்தார். "இவர் கட்டடக்கலைஞரா?"

"மேசன்," என்றார் அண்ணை, ஜெர்மனில், என்னை முந்திக்கொண்டு. அதற்குப் பிறகு கேள்வி கேட்டவர் கார்மென்தான்.

பிரியும்போது மறுநாள் திட்டத்தைச் சொன்னேன். மதீனா அசாரா திங்களில் பூட்டு என்றார் கார்மென். எனக்கு முகம் செத்துவிட்டது.

"மன்னியுங்கோ அண்ணை, நான் கேக்கேல்லை."

"விடடாப்பா. எங்கட கிழமையில வேற நாள் இருக்கோ, நீ கேக்க?" என்று சிரித்தார். "ஆனா ஒண்டு, இஞ்சையும் எங்கட முதலாளிதான் போல."

மறுநாள் டாக்ஸிக்காரர் "பூட்டு, பூட்டு" என்று கையை ஆட்டினார். "ஓம், தெரியும். போங்கோ" என்றார் அண்ணை தமிழிலேயே. வேலிக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றார். பிறகு ரயில்.

ஆனாலும் எனக்குப் பெருமை. எந்த நிறுவனமும் போட்டுத்தராத பயணம் இது. வழிகாட்டிக்கே வழிகாட்டிய பயணம். போகிறவர்கள் முதலில் பூட்டும் நாளைக் கேளுங்கள். வழிகாட்டியை உங்களுக்குச் சரளமான மொழியில் பிடியுங்கள். முதலாளியின் கலண்டரை வைத்து ஊர் பார்க்கப் போகாதீர்கள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, ஜாக்கெட்டைக் கழற்றாமலே அண்ணை முதலாளியின் முன் போய் நின்றார். ஒன்பது வருடத்தில் அவர் எதையும் கேட்டதில்லை.

"செப்டம்பரில் எனக்கு ஒரு செவ்வாயும் புதனும் வேண்டும்," என்றார் ஜெர்மனில், திக்காமல்.

முதலாளி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணை இன்னும் கிட்டப் போய், அதையே திரும்பக் கேட்டார். முதலாளியின் கத்தி நிற்கவில்லை.