ஸ்டெல்லா அத்தையின் அடைக்கோழி

நேற்று பக்கத்து வீட்டில் வெந்நீரில் தவிடு பிசைந்த வாசம் வந்ததும், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் எஸ்டேட் லயத்து வரிசைவீடுகளின் பின்புறமும், பனிமூட்டத்துக்குள் வீட்டுக்கு வீடு “பா, பா” என்று கோழிகளைக் கூப்பிடும் பெண்களின் குரல்களும் நினைவுக்கு வந்தன. அந்த நாட்களில், ஒரு குழாயடிச் சண்டைக்குப் பிறகு, அம்மாவும் அடுத்த வீட்டு ஸ்டெல்லா அத்தையும் மட்டும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு மழைக்கால விடியலில் எங்கள் அடைக்கோழியை மரநாய் தூக்கிப் போய்விட, ஆறத் தொடங்கிய முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு அம்மா கலங்கி நின்றாள். அத்தை வேலிக்கு மேல் கை நீட்டினாள்.

“முட்டையக் கொண்டாங்க மதினி. எங்கோழியும் அடைக்குத்தான் உக்காந்திருக்கு.”

குஞ்சுகள் பொரிந்தன. ஆனால் அம்மா எவ்வளவு கூப்பிட்டாலும் வராமல், அத்தையின் குரலுக்கே ஓடின. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் குஞ்சுகளைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிப் போவாள். அவை கூடடைந்த பிறகும் வரமாட்டாள்.