பச்சை எருமை வரைந்த பலகை

குமராட்சிப் பக்கம் எங்கள் ஊர்த் தாங்கலுக்குப் போகிற வழியில், வடிகால் வாய்க்காலின் குறுக்கே ஓர் இரும்புப் பலகை கிடக்கிறது. வயலுக்குப் போகிறவர்கள் அதன்மேல் கால் வைத்துத்தான் வாய்க்காலைத் தாண்டுகிறார்கள். மழையில் சேறு அப்பியிருக்கும், வெயிலில் சுடும். அடிப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பச்சை வண்ணத்தில் ஓர் எருமை, அதன் குறுக்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கீழே 'இங்கே மாடு மேய்க்கக் கூடாது' என்று கோணல்மாணலாக ஒரு வரி. எருமைக்கு எதற்குப் பச்சை என்று கேட்டதற்கு, வனத்துறை அலுவலகத்தில் மிஞ்சிக் கிடந்த பெயிண்டு அதுதான் என்றார் வனவர் சார். அவரே உட்கார்ந்து வரைந்த படம் அது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அவர் எங்கள் பக்கம் மாற்றலாகி வந்தார். நான் அப்போதே அந்த அலுவலகத்தில் தற்காலிக ஜீப் டிரைவர். வரும்போதே ஓய்ந்துபோய் வந்த மனிதர். திருவந்திபுரத்துக்காரர். கெடிலத்தில் தண்ணீர் ஓடிய காலத்தைப் பற்றி எப்போதாவது பேசுவார், மற்றபடி பேச்சு குறைவு. வயிற்றுக் கோளாறு. பிளாஸ்கில் சீரகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் கண்ணை மூடியபடி வருவார். தூங்குகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் வேகமாகப் போனால், "நிறுத்து, நிறுத்து" என்று என் தோளைத் தட்டுவார். எங்கேயோ மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் ரத்தம் ஓடுவது தெரியும். அது பறந்துபோனதும் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். சம்பளத்துக்காகக் காலம் தள்ளுகிறவர் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த மீன்கொத்தியை அவர்கள் பார்த்ததில்லை.

எங்கள் தாங்கல் ஆழமில்லாத சிறிய ஏரி. ஐப்பசி மழையில் நிரம்பி, மாசி, பங்குனி வரை தண்ணீர் கிடக்கும். நத்தைகுத்தி நாரைகளும் சிறகி வாத்துகளும் வந்து இறங்கும். கரையோரம் சம்புப் புல். அதற்குள் தாழைக்கோழிகள். இவற்றோடு ஊர் எருமைகளும் இருந்தன. மற்ற ஊர்களில் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் போவார். எங்கள் ஊரில் எருமைக்குப் பின்னால் யாரும் போவதில்லை. காலையில் என் அத்தை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கை, தன் கொட்டகையில் இருந்த ஒரு கொம்பு ஒடிந்த கிழ எருமையை அவிழ்த்துவிடுவாள். அது தெருவில் இறங்கி நடந்தால், வீட்டுக்கு வீடு அவிழ்த்துவிட்ட மற்ற எருமைகள் அதன் பின்னால் சேர்ந்துகொள்ளும். எங்கே சேறு ஆழம், எங்கே மேடு என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதன் தாய் காட்டிய வழி அது. பொழுது சாய்ந்தால் அதுவே எல்லாவற்றையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒருநாள் வனவர் சார் சம்புக்குள் ஒரு தாழைக்கோழிக் கூட்டைப் பார்த்தார். குளம்பு மிதித்து, முட்டைகள் சேற்றோடு சேறாகக் கிடந்தன. தாய்ப்பறவை பக்கத்திலேயே கத்திக்கொண்டு நின்றது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இதுங்களுக்கு மேய வேற எடமே இல்லையா?" என்று என்னிடம் கத்தினார், ஏதோ நான்தான் எருமை மாதிரி. ஒரு மாதத்தில் மேலிடத்தில் பேசி மேய்ச்சலுக்குத் தடை வாங்கிவிட்டார். ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். எத்தனை சார் வந்தார்கள், எத்தனை சார் போனார்கள் என்ற தலையாட்டல்தான் அது. அவர் மட்டும் அதை நிஜமென்று நம்பிப் பலகையை நட்டார்.

மறுநாளே பலகை சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தினோம். மறுபடி சாய்ந்தது. யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள் என்று அவர் மறைந்திருந்து பார்த்தார். கிழ எருமை நேராகப் பலகையிடம் வந்து, கம்பத்தில் விலாவை வைத்து நிதானமாகத் தேய்த்தது. பின்னால் வந்தவை வரிசையாகத் தேய்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கின. அவர் எல்லாவற்றையும் பிடித்துப் பட்டியில் அடைக்கச் சொல்லிவிட்டார். அத்தை அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நான் ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எருமைய வரைஞ்சு வச்சிருக்கீங்க. நம்மள மாதிரியே ஒண்ணு ஒத்தையா நிக்குதேன்னு அதுங்க வந்து ஒரசிட்டுப் போவுதுங்க" என்றாள்.

"அப்ப புலியை வரையட்டுமா?"

"வரைங்க சார். ஒங்க கைக்கு அதுவும் எருமையாத்தான் வரும்."

அவர் சிரித்துவிட்டார். பட்டியிலிருந்த எருமைகளையும் விடச் சொன்னார். ஆனால் தடையைத் தளர்த்தவில்லை. அத்தையும் மறுபடி கேட்க வரவில்லை. கட்டிப்போட்டுத் தீனி வைக்க எருமை கட்டுப்படியாகாது என்று ஊரில் ஒவ்வொருவராக விற்றுவிட்டு ஜெர்சிக் கலப்பு மாடு வாங்கினார்கள். கிழ எருமையை வியாபாரி வந்து ஏற்றியபோது அத்தை வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டாள். அதன் கடைசிக் கன்றை மட்டும் கொடுக்கவில்லை.

முதல் வருஷம் வனவர் சாருக்குத் திருவிழாதான். மூங்கிலில் ஒரு பரண் கட்டி, பொழுதெல்லாம் அதில் உட்கார்ந்து பார்த்தார். தாழைக்கோழிக் குஞ்சுகள் தாயின் பின்னால் நீந்தின. சீரகத் தண்ணீரை எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வருஷம் சம்பு கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அதற்கடுத்த வருஷம் நடுத்தாங்கல் வரை வந்துவிட்டது. ஆள் விட்டு அறுத்தோம். அறுத்த இடத்தில் இன்னும் அடர்த்தியாக முளைத்தது. ஆள் உயரத்துக்குச் சம்பு நிற்க, உள்ளே தண்ணீர் இருப்பதே மேலிருந்து தெரியவில்லை. நாரைகள் வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு ஊருக்குப் போயின. தாழைக்கோழி மட்டும் உள்ளே எங்கோ இருந்துகொண்டு கத்தியது. கூட்டைக் காப்பாற்றினார், தண்ணீர் போய்விட்டது. பரணில் உட்கார்ந்து அவர் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

"இளங்குருத்த அதுங்கதான் தின்னுட்டு இருந்திருக்குங்க, இல்ல?" என்று ஒருநாள் பரணிலிருந்து இறங்கும்போது கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "உங்க அத்த வீட்டுக்குப் போ" என்றார்.

அத்தை டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எருமைகளை மறுபடி தாங்கலில் விட முடியுமா என்று கேட்டார். தடையை எடுக்க எழுதிப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

"எந்த எருமைங்கள சார்? ஊர்ல இருக்கறது இது ஒண்ணுதான்" என்று கொட்டகையைக் காட்டினாள். "இதுக்குத் தண்ணின்னா தொட்டித் தண்ணிதான் தெரியும்."

"பரவால்லம்மா. நாம கூட்டிட்டுப் போவலாம்."

"நாங்க யாரும் எருமைய கூட்டிட்டுப் போனதில்ல சார். எருமதான் எருமைய கூட்டிட்டுப் போவும். வழி காட்டுனவதான் லாரியில போயிட்டாளே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஓட்டிக்கொண்டு போனோம். அந்த எருமை தாங்கல் கரையில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. இழுத்தோம், தள்ளினோம், அத்தை கெஞ்சினாள். எருமை அசையவில்லை. வனவர் சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷூவைக் கழற்றி, காக்கிப் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கயிறு எதையும் பிடிக்காமல் தண்ணீரில் இறங்கி முன்னால் நடந்தார். இடுப்பளவு வந்ததும் திரும்பி நின்று, நாக்கை மடித்து அத்தை கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுப் பார்த்தார். கரையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு எருமை இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. அவர் விடாமல் வந்தார். சேற்றுப்புண் வந்து கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. அலுவலகத்தில் கேலி பேசினார்கள். ஒரு மாலை, யாரும் கூப்பிடாமலே, எருமை மூக்கை நீட்டி ஒரு சம்புக் குருத்தைக் கடித்தது. பிறகு அவர் நின்ற இடத்துக்கு மெதுவாக நடந்து போய், அவர் தோளில் கழுத்தை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தது. அவர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

ஓர் எருமை எவ்வளவு தின்னும்? அவர் ஓய்வு பெறுகிற வருஷத்தில், கல்யாணப் பந்தல் அளவுக்கு ஓர் இடத்தில் தண்ணீர் வெளியே தெரிந்தது. அவ்வளவுதான். தடையை எடுத்த உத்தரவு எங்கேயோ வழியில் நின்றுபோனது. அவர் அதற்குக் காத்திருக்காமல் பலகையைப் பிடுங்கி, படம் கீழே இருக்கும்படி வாய்க்கால்மேல் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். 'தானே' புயல் அடித்து ஓய்ந்த பிறகு திருவந்திபுரத்திலிருந்து போன் செய்தார். பரண் போய்விட்டது என்றேன். "அது போவட்டும். எருமை இருக்கா?" என்றார். இருக்கிறது, சினையாக இருக்கிறது என்றேன்.

அது ஈன்ற கன்று இப்போது தாயின் பின்னால் தண்ணீரில் இறங்குகிறது. முன்னால் நடக்க ஆள் வேண்டியதில்லை. அத்தை இன்னும் இரண்டு எருமை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வந்திருக்கும் வனவர் இளைஞர், சுறுசுறுப்பானவர். போன வாரம் அவரைத் தாங்கலுக்கு அழைத்துப் போனேன். சம்பு ஓரமாகச் சுற்றிவிட்டு வேகமாகத் திரும்பி வந்தார். உள்ளங்கையில் ஓர் உடைந்த முட்டை. முகம் சிவந்திருந்தது. வாய்க்கால் பலகையின்மேல் நின்றுகொண்டு, "இங்க மேய்ச்சல் தடை போர்டு ஒண்ணு இருந்துச்சாமே? எங்க போச்சு? மறுபடி நட்டாத்தான் சரிப்படும்" என்றார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கு அலுப்பாக இருந்தது. ஏழு வருஷக் கதையை ஜீப்பில் வைத்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் காலுக்குக் கீழே பார்த்தேன். அப்பால் பந்தல் அளவுத் தண்ணீரில் தாயும் கன்றும் மேய்ந்தன. அவற்றை ஒட்டி ஒரு நத்தைகுத்தி நின்றிருந்தது.

"ஷூவைக் கழட்டுங்க சார்" என்றேன். "தண்ணில எறங்கணும். நான் முன்னால போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி அந்தப் பலகையின்மேல் வைத்தார்.