ரவுண்டானாவும் முக்கால் அடியும்

ரோடு போடுகிற உத்தியோகத்தில் ஒரு விசேஷம் என்னவென்றால், அந்த வழியாகப் போகிற அத்தனை பேரும் நமக்கு மேலதிகாரிகள்தான். தோண்டினால் ஏன் தோண்டினாய் என்பார்கள். மூடினால் இத்தனை நாள் என்ன செய்தாய் என்பார்கள். பஸ்ஸுக்குள் குலுங்கிக் குலுங்கி இடுப்பு கழன்று, ‘எவன்டா இந்த ரோட்டைத் தோண்டிப் போட்டவன்’ என்று நீங்களும் ஒரு நாள் வயிறெரிந்து சபித்திருப்பீர்கள். அவன் நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், உங்களோடு சேர்ந்து நானும் குலுங்கிக்கொண்டுதான் அச்சரப்பாக்கத்திலிருந்து தினமும் வேலைக்குப் போனேன்.

எழுபதுகளின் நடுவில், சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு ரவுண்டானா வேலைக்கு என்னை ஓவர்சியராகப் போட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து வருகிற ரோடு கடலோர ரோட்டில் சேருகிற முக்கு அது. பக்கத்தில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிமெண்ட் லாரி, பஸ், மாட்டு வண்டி, மீன் கூடை எல்லாம் அங்கேதான் வந்து முட்டிக்கொள்ளும். இருந்த ரவுண்டானாவோ ஒரு விளக்குக் கம்பமும் அதைச் சுற்றி நாலு கல்லும்தான். அதைப் பெரிதாக்கி, ரோட்டையும் இரண்டடி உயர்த்தி, ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

ரோட்டுக்கும் கடற்கரை மணல் மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் நாற்பது குடிசை உள்ள ஒரு மீனவர் குப்பம். அங்கே பெய்கிற மழைத் தண்ணீர் ரோட்டைத் தாண்டித்தான் மேற்கே கால்வாயில் விழ வேண்டும். ரோட்டை உயர்த்தினால் அதுவே அணை மாதிரி ஆகிவிடும். அதனால் ரோட்டுக்கு அடியில் இரண்டு வரிசை சிமெண்டுக் குழாய் பதிக்கும்படி பிளானில் இருந்தது. இந்தக் குழாயை மட்டும் மறக்காதீர்கள், என் பிழைப்பே அதில்தான் மாட்டிக்கொண்டது.

சுண்ணாம்பு வட்டம்

முதல் நாள் முளையடித்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்பில் பெரிய வட்டம் வரைந்தோம். பழைய விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, நட்டநடுவில் ஒரு மட்டக் கல் நட்டோம். அந்தக் கல்லின் தலை என்ன உயரம் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்வோம். அதிலிருந்துதான் ரோடு, குழாய் எல்லாவற்றுக்கும் ஏற்ற இறக்கம் பார்ப்பது. நடுவில் இருந்தால் எந்த லாரியும் ஏறாது என்று எனக்கு ஒரு சாமர்த்தியம். பூஜை போடாமல் வேலை தொடங்கக்கூடாது என்று ஆட்கள் சொன்னார்கள். கைக்கெட்டியது அந்தக் கல்தான். நானே அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன்.

இத்தனை பெரிய வட்டத்தை ஜனங்கள் எப்படிச் சுற்றுவார்கள் என்று கவலைப்பட்டு, போலீஸ்காரர் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தேன். யாரும் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. நம் நாட்டில் வண்டி இடது ஓரமாகப் போவதால் வட்டம் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும். கோயிலில் வலம் வருவதும் அப்படித்தானே? பிறந்ததிலிருந்து இத்தனை பெரிய ரவுண்டானாவைப் பார்க்காத வண்டிக்காரர்கள்கூட ஒருவர் பின் ஒருவராக அழகாகச் சுற்றிப் போனார்கள். நான் ரோட்டோரத்தில் மெய்மறந்து நின்றேன். ஒரே தொல்லை, நடுவில் குங்குமம் வைத்த கல் இருந்ததால் ஒரு சுற்றோடு யாரும் நிறுத்துவதில்லை. ஒரு பஸ் டிரைவர் பயணிகளோடு மூன்று சுற்று முடித்து, கன்னத்தில் போட்டுக்கொள்ள ஸ்டியரிங்கை விட்டபோது உள்ளேயிருந்து ஒருவர் அலறினார்: “நைனா, உனக்குப் புண்ணியம் வந்துச்சு, எனக்குத் தலை சுத்துது, செங்கல்பட்டு கோர்ட்டுல என்னை இறக்கி வுட்டுட்டு அப்பால வந்து சுத்திக்கோ!”

தலைகீழ் குப்பம்

ஜல்லி சுமக்கக் குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை. முப்பது வயது இருக்கும். விடிகாலையில் மீன் கூடையோடு முதல் பஸ்ஸில் போய் விற்றுவிட்டு, எட்டு மணிக்கு என் முன்னால் ஜல்லிச் சட்டியோடு நிற்பாள். தலையில் சட்டி, இரண்டு கையும் சும்மா தொங்கும், கொதிக்கிற தார் ஓரத்தில் பேசிக்கொண்டே நடப்பாள். ஒரு கல் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. நான் வெறுங்கையோடு நடந்தே அங்கே இரண்டு தடவை தடுக்கி விழுந்திருக்கிறேன்.

குழாய்கள் பதித்து மண் மூடிய அன்று அவள் சட்டியை இறக்கிவிட்டு, குழாய் வாயருகே குந்திப் பார்த்தாள். “சார், குழா மேல கீது. எங்க தண்ணி கீழ வரும். எப்டி உள்ள பூரும்?” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முக்காலியில் நின்ற மட்டக் கருவியைக் காட்டி, “இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பொய் சொன்னதில்லை அம்மா, நீயே பார்” என்றேன். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். எங்களுக்குப் பழகிப்போன சங்கதி, அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவள் பின்னால் தாவினாள்: “இன்னா சார் இது, எங்க குப்பமே தலகீழா தொங்கிகினு கீது, இத்த வெச்சிகினா நீ தண்ணிக்கு வழி சொல்றே!”

தூறல்

வாய் பேசிவிட்டதே தவிர மனசு சும்மா இருக்கவில்லை. மட்டக் கல்லிலிருந்து குழாய் வரை மூன்று தடவை அளந்தேன். பிளானில் உள்ளபடி இம்மி பிசகாமல் இருந்தது. புத்தகம், கருவி, கல் மூன்றும் என் கட்சி. அஞ்சலை ஒருத்திதான் எதிர்க்கட்சி. நிம்மதியாக நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

மறு வாரம் ஒரு மத்தியானம் அரை மணி நேரம் மழை அடித்தது. குப்பத்திலிருந்து தண்ணீர் ஓடி வந்தது. குழாய் வாய்வரை வந்து, தொழுவத்துக்குள் போக மறுக்கிற கன்றுக்குட்டி மாதிரி நின்றது. அப்புறம் திரும்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரிசைக் குடிசைகளின் வாசலைத் தொட்டது. அஞ்சலை சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டாள்: “இது தூறலு சார், ஐப்பசில மழ மூணு நாளு வுடாம ஊத்தும், அப்ப நாப்பது வூடும் எங்க போறது, உன் ரோட்டு மேலயா?”

கன்னியப்பனின் மூன்று வரிசை

ரோலர் டிரைவர் கன்னியப்பன் திருப்போரூர்க்காரர், பெரிய பக்திமான். அவருக்கு மண்ணின் அடியில் நடப்பது உட்காரும் இடத்தில் தெரியும். ஒரு நாள் நன்றாக இறுகிய ரோட்டில் ரோலரை நிறுத்தி, “இங்க உள்ள பொக்கையா கீது” என்றார். நான் சிரித்தேன். தோண்டினால் மூன்றடி ஆழத்தில் உளுத்துப்போன பெரிய பனங்கட்டை. அப்பேர்ப்பட்ட ஆள். அதனால் அவரிடம் போய், “குழாய் பக்கம் மண் ஏதாவது பொங்கியிருக்கிறதா?” என்று கேட்டேன். “மண்ணு அப்டியே கீது சார்” என்றவர், அன்று வெள்ளிக்கிழமை என்பதால் என் கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார். மட்டக் கல்லுக்குப் படைத்தது. அதற்குள் அந்தக் கல் மஞ்சள் புடவை கட்டி, மாலை போட்டு, செங்கல் மேடையெல்லாம் வைத்து அம்மனாகிவிட்டிருந்தது. தினமும் பூவை ஒதுக்கிவிட்டு அவள் தலையில்தான் நான் அளவு கட்டையை நிறுத்துவேன். கல்லைச் சுற்றித்தான் மேடை கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, நல்ல காரியம் என்று பாராட்டக்கூடச் செய்தேன்.

பொங்கல் வாயில் இருக்கும்போதே கன்னியப்பன் பெருமையாக ஆரம்பித்தார். ஆடி மாதத்தில் லாரி போகும்போதெல்லாம் அம்மன் மேல் சேறு தெறித்ததாம். பார்க்கப் பொறுக்காமல் மூன்று பேராகச் சேர்ந்து, கீறல் விழாமல் கல்லைத் தோண்டி எடுத்து, மூன்று வரிசை செங்கல் அடுக்கி அதன் மேல் உட்கார வைத்தார்களாம். பொங்கல் தொண்டையில் நின்றது. கல் உயர்ந்ததால் அதைப் பார்த்துப் பதித்த குழாயும் அதே அளவு உயர்ந்துவிட்டது. ஜல்லி போதவில்லை, போதவில்லை என்று நான் குவாரிக்காரரைத் திட்டியதற்கும் காரணம் புரிந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது? அதைச் சாமியாக்கியதே நான்தானே. கன்னியப்பன் முகம் மலரச் சொன்னார்: “முக்கா அடிதான் சார் தூக்கனோம், அதுக்கே ஆத்தாளுக்கு இன்னா கம்பீரம் வந்துச்சு பாத்தியா!”

ஒரு நாள் கெடு

ரோடு முக்கால் அடி உயர்ந்தால் யாருக்கும் சேதமில்லை. குழாய் உயர்ந்தால் குப்பம் குளமாகிவிடும். அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். என் வேலை அப்போது தற்காலிகம், நிரந்தரமாக்குகிற ஃபைல் அவர் மேஜையிலேயே இருந்தது. சிரித்துப் பழக்கமில்லாத மனுஷர். நான் சொன்னதையெல்லாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “முதல் கற்பூரம் ஏற்றினது யார்?” என்றார். “நான்தான் சார்” என்றேன்.

புது வீடுகளுக்கு ஜனங்கள் குடி வர ஆரம்பித்துவிட்டார்கள். ரோட்டை வெட்டினால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. குழாய் தூக்கக் கிரேன் கேட்டு எழுதினால் பொங்கலுக்குத்தான் பதில் வரும். மழையோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டு அவர் பேனாவைத் திறந்தார்: “ஒரு நாள் ரோட்டை வெட்டிக்கக் கையெழுத்துப் போடறேன்யா, ரெண்டாவது நாளும் அந்தப் பள்ளம் இருந்தா உம்மையும் உள்ளே வெச்சு மூடிடுவேன்.”

கடலுக்குப் போகாத ஞாயிறு

நேராகக் குப்பத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அஞ்சலையின் புருஷன் தேசப்பன் மட்டும், “எத்தினி குழா சார்?” என்று கேட்டார். மொத்தம் பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றும் பத்து ஆள் சேர்ந்தாலும் அசையாத எடை என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து ரோட்டை வெட்டினோம். அன்று குப்பத்தில் ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகவில்லை. ஆண், பெண் அத்தனை பேரும் வலைக் கயிறோடும் உருட்டுக் கட்டைகளோடும் வந்து நின்றார்கள். கரையில் மரம் இழுக்கிற மாதிரியே கட்டைகளை அடியில் கொடுத்து, ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுத்தார்கள். நான் மலைபோல் நினைத்த குழாய் முனகிக்கொண்டு மேலே வந்தது. உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்துவிட்டது. வெட்டிய தரையில் அஞ்சலை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிற வாட்டம் பார்த்து, இங்கே ஒரு விரல், அங்கே இரண்டு விரல் என்று மண்ணை வழித்தாள். முக்கால் அடியைக் கழித்துக்கொண்டு நான் கருவியில் பார்த்தேன். அவள் குடமும் என் கணக்கும் நூல் அளவு வித்தியாசமில்லாமல் ஒத்துப்போயின. குழாய்களைத் திரும்ப அந்தத் தரையில் இறக்கினார்கள். எல்லாம் தன்னால் வந்தது என்று தெரிந்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்த கன்னியப்பன், பொழுது சாய்வதற்குள் மண்ணை மூடி ரோலரை ஓட்டி முடித்தார். எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் தேசப்பன் கையைப் பிடித்தபோது, அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “கடலோட தெனமும் இழுத்துகினு கெடக்கறோம், இது இன்னா சார், பெரிய ஓட்டக் கல்லு!”

மழை

அடுத்த வாரமே வந்தது. இரண்டு ராத்திரி, இரண்டு பகல் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எந்த பஸ்ஸும் சதுரங்கப்பட்டினம் வரை வராமல், நான் கடைசி மூன்று மைல் நடந்தேன். குடை போன இடம் தெரியவில்லை. நாற்பது வீடும் மிதக்கிற காட்சிதான் வழியெல்லாம் கண்முன் நின்றது. போய்ப் பார்த்தால் குப்பத்துத் தண்ணீர் அத்தனையும் செம்மண் நிறத்தில் சுழித்து வந்து, இரண்டு குழாய்க்குள்ளும் இரைச்சலோடு புகுந்து, அந்தப் பக்கம் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாசற்படியும் நனையவில்லை. நான் குழாய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. அத்தனை தண்ணீரும் அந்த வீடுகளுக்குள் அல்லவா போயிருக்கும்!

வடக்கே புதுக் குடியிருப்பில் கூச்சல் கேட்டது. அந்த இடம் முன்பு மழைத் தண்ணீர் தேங்குகிற தாங்கல் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும், கட்டியவர்கள்தான் யாரையும் கேட்கவில்லை. குடி வந்து மாதம்கூட ஆகாத வீடுகளில் முழங்கால் தண்ணீர், கட்டில் மேல் குழந்தைகள். அஞ்சலை தன் பன்னிரண்டு பெண்களோடு, ஆளுக்கொரு குடம் இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பத்திலிருந்து வேகமாக வந்தாள். ‘உங்கள் வீடுதான் தப்பித்துவிட்டதே’ என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் நிற்கவே இல்லை, போகிற போக்கில் ஒரு குடத்தை என் கையில் திணித்தாள்: “இன்னா சார் குந்திகினு கீறே, அங்க புள்ளைங்க அழுவுது, எழுந்து வா!”

அதற்கப்புறம் எத்தனையோ ரோடு போட்டுவிட்டேன், வேலையும் நிரந்தரமாகிவிட்டது, ஆனால் மழை நாளில் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பஜ்ஜி தின்கிற பாக்கியம் மட்டும் இந்த ஜென்மத்தில் எனக்கு எழுதி வைக்கவில்லை.