காட்சிக்கு வைத்த அறைவாசி

புனேயில் அந்தப் பல்கலைக்கழக விடுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வாசல் ஆலமரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் கழிப்பறையிலிருந்து தொடங்குகிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட வராதவன் இருமுவான். காலையில் அந்த வராந்தாவில் நடந்தால் காதலும் காசநோயும் கலந்த கச்சேரி. மொட்டைமாடியில் சூரிய ஒளியில் வெந்நீர் போடும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் வெதுவெதுப்பு முழுக்கப் புறாக்களுக்கே. கீழே மெஸ்ஸில் பருப்பு என்ற பெயரில் ஒரு மஞ்சள் நிறத்தை ஊற்றுவார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஊரே கம்ப்யூட்டர் படிக்க ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இந்தச் சொர்க்கத்துக்கும் எனக்குத் தகுதி இல்லை. உள்ளூர்ப் பையன்களுக்கு விடுதி கிடையாது என்பது விதி. நான் உள்ளூர். கட்கியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஓய்வு பெற்றார்; குவார்ட்டர்ஸைக் காலி செய்து அம்மாவோடு குடியாத்தத்துக்கு ரயிலேறிவிட்டார். எனக்கு எம்.ஏ. கடைசி வருஷம் பாக்கி. வீடு போன பிறகும் விண்ணப்பத்தில் நான் புனேக்காரனாகவே இருந்தேன். ரெக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ரெக்டர் என்றால் விடுதிக் காப்பாளர், தாவரவியல் பேராசிரியர், செடிகளிடமாவது அன்பாக இருந்தாரோ என்னவோ. வருஷத்தின் நடுவில் விலாசம் மாறுவதற்கு வழியில்லை என்றார். என் அப்பா ஒரு விலாசத்தை வருஷத்தின் நடுவில்தான் இழந்தார் என்பது அவருக்குத் தாவரவியலில் வராத பாடம்.

என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு பதவி உண்டு. பாராசைட். ஒட்டுண்ணி, அதாவது அடுத்தவன் அறையில் ரெக்டருக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பவன். வசவு இல்லை, பதவிதான். அறைக்காரன், கல்யாண வீட்டில் மச்சானை அறிமுகம் செய்வதுபோல, “இவன் என் பாராசைட்” என்று அறிமுகம் செய்வான். என் அறைக்காரன் பர்பணிப் பக்கத்து விவசாயி மகன். நான் தமிழன் என்பதால் என்னை ‘அண்ணா’ என்றே கூப்பிடுவான், என்னைவிட மூத்தவனாக இருந்தும். இந்தப் பதவிக்கென்று ஒழுக்கங்கள் இருந்தன. இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் படுக்கை. விடிந்ததும் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளிவிட வேண்டும். ஜன்னலோரம் நிற்கக் கூடாது. ஈரத்துண்டை வராந்தாக் கொடியில் போடவே கூடாது, ஏனென்றால் ரெக்டர் துண்டுகளை எண்ணுவார். அறைக்கு இரண்டு பேர், இரண்டு துண்டு. மூன்றாவது துண்டு காய்ந்தால் அங்கே ஒரு குற்றவாளி குளித்திருக்கிறான். முனைவர் பட்டம் வாங்கிய ஒரு மனிதர் காலை வெயிலில் கை விரலை நீட்டிக்கொண்டு அடுத்தவன் துண்டை எண்ணிப் போகும் காட்சியை நான் வேறெந்த நாகரிகத்திலும் பார்த்ததில்லை.

பரீட்சைக்குச் சற்று முன்னால் அகப்பட்டேன். துண்டால் அல்ல. பர்பணிக்காரன் குளிக்கப் போன நேரத்தில் ரெக்டர் கதவைத் தட்ட, அறைக்காரனைப் போல மிடுக்காக நானே திறந்தேன். அன்று மதியத்துக்குள் என் பெட்டி ஆலமரத்தடியில் இருந்தது.

போக இடம், லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த தளேகாவ்தான். அங்கே ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்த அப்பாவின் பழைய கூட்டாளி, பெரிய மனசு, ஒற்றை அறை. டிவி ஓடும்வரை படிக்க முடியாது. டிவி நின்றால் விளக்கும் அணையும். லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு பாடப் புத்தகத்தைப் பிரித்தால் பால்காரர் கேனின் ஈரம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தேறாவிட்டால் குடியாத்தம், மாமாவின் தீப்பெட்டி ஆபீசில் ஸ்டூல் ஒன்று தயாராக இருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். எனக்கு வேண்டியது படிக்க ஒரு கூரை. பரீட்சை முடியும்வரை. அவ்வளவுதான்.

அப்போதுதான் கமிட்டி வருகிறது என்றார்கள். பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போட வெளியூர்ப் பேராசிரியர்கள். விடுதிக்குத் திடீரென்று மானம் வந்தது. மரங்களுக்குக் காவியும் வெள்ளையும் பூசினார்கள். ஔந்த் ரோடு நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. கேரம் பலகையில் காணாமல் போன காய்களுக்குப் பதில் சட்டைப் பித்தான்கள் அடுக்கப்பட்டன. கழிப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது, பாட்டு நின்றது. எல்லாம் சரி, ஆள் இல்லை. படிப்பு விடுமுறைக்கு உண்மையான அறைவாசிகள் பர்பணிக்கும் லாத்தூருக்கும் போய்விட்டிருந்தார்கள். பளபளப்பான காலி அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரெக்டர் எங்களைத் தேடி வந்தார். துரத்தப்பட்ட பாராசைட்டுகள் டீ குடிக்கும் கடைக்கே வந்து, மராத்தி கலந்த இந்தியில் பேரம் பேசினார். ஒரு பகல் அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும், நல்ல சட்டை போட வேண்டும், கேட்டால் சௌகரியம் என்று சொல்ல வேண்டும். ஒழுங்காக நடந்துகொண்டால் பரீட்சை முடியும்வரை அந்த அறையிலேயே இருக்கலாம், அறைக்காரன் திரும்பினால் அவனை வேறெங்காவது போடுவது அவர் பொறுப்பு. எல்லாரும் சட்டையைத் தேய்க்கப் போனோம்.

அன்றைக்கு என் கட்டிலில் நீலப் பூப்போட்ட விரிப்பு. மேஜையில் எவனுடையதோ வேதியியல் புத்தகம். நான் படித்தது வரலாறு. கமிட்டி உள்ளே வந்தது. அதில் ஒருவர், நெற்றியில் மெல்லிய கீற்றுத் திருநீறு, என் முகத்தைப் பார்த்ததும் ரெக்டரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“தம்பி தமிழா? எந்த ஊரு?”

“கட்கி சார். இப்ப குடியாத்தம்.”

“சௌகரியமா இருக்கா இங்க?”

ரெக்டர் சிரித்துக்கொண்டு நின்றார், ஒரு சொல் புரியாமல். என் வீட்டுக்கு வெளியே, அந்த ஊரில், நாற்காலியில் உட்காரும் தகுதியுள்ள ஒருவர் தமிழில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பேரத்தை மறந்தேன். இல்லை, மறக்கவில்லை, அந்த பாஷையில் பேரம் பேசப்படவில்லை என்று தோன்றிவிட்டது.

“சார், எனக்கு இங்க ரூமே இல்ல. தொரத்திட்டாங்க. உங்களுக்குக் காட்டறதுக்காக இன்னிக்கு கூப்ட்டுனு வந்து உக்கார வெச்சிருக்காங்க.”

அவர் விரிப்பைப் பார்த்தார். வேதியியலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

“எல்லா எடத்துலயும் இதான் தம்பி. எங்க காலேஜுக்குக் கமிட்டி வந்தப்ப நானே எம்புட்டு பேர உக்கார வச்சேன். நீ பரீட்சையப் பாரு.”

பிறகு ரெக்டரிடம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், பையன் சொந்த வீட்டில் இருப்பதுபோல உணர்வதாகச் சொல்கிறான் என்றார். மெஸ்ஸில் சாம்பார் உண்டா என்று விசாரித்தார். கமிட்டி அடுத்த அறைக்கு நகர்ந்தது. ஒரு வினாடி அவர் கை என் தோளில் பட்டது. பாராட்டுக் கூட்டங்களில் தட்டுவார்களே, அதே தட்டு. அந்தத் தோளை நான் சட்டையோடு உதறினேன், அவர் போன பிறகுதான்.

சாயங்காலம் தொட்டிகள் டெம்போவில் ஏறின. ஒருவன் வந்து விரிப்பை உருவிக்கொண்டு போனான். அதன் கீழே மெத்தை, ஒரு பழைய வரைபடம்போல, தீவுகள் தீவுகளாகக் கறை. ரெக்டர் வந்தார். உங்கள் பாஷையில் இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். அந்த சார் உங்களிடம் சொன்னதைத்தான் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பல்கலைக்கழகத்துக்கு உன்னைப் போன்ற மாணவர்கள்தான் பெருமை என்றார். அந்த மாணவன் அவருடைய கணக்கில் இல்லாதவன் என்பது அந்தப் பெருமையை ஒன்றும் செய்யவில்லை. சாவியைக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். வேதியியலை அலமாரியில் தள்ளிவிட்டு, தளேகாவிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்து, மராட்டியர்களின் வரிவிதிப்பில் விட்ட இடத்திலிருந்து படித்தேன். கமிட்டிக்காக ரிப்பேர் செய்த மின்விசிறி மறுநாளே நின்றுவிட்டது. பரீட்சை முடியும்வரை அந்தக் கறை மெத்தையில், வியர்வையில், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படித்தேன். இரண்டாம் வகுப்பில் தேறினேன். மாமாவின் ஸ்டூலில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.