சோறா, கத்தரிக்கோலா?

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, ரெயிலும் இல்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தத் தையலை நம்பித்தான் இருந்தோம். ஊரே இருட்டில் கிடந்தாலும் என் மிதி மெஷின் ஓடும் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

மெஷின் ஓடியது, பெருவிரல்தான் மறுத்தது. வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேரும் இடத்தில் அப்படி ஒரு வலி. கத்தரிக்கோலைப் பிடித்து இரண்டு வெட்டு வெட்டினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எண்ணெய் பூசிப் பார்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், ஊசியும் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. படிப்பை விட்டுவிட்டுத் துணி வெட்டித் தருகிறேன் என்று மூத்த மகள் சொன்னாளே, அன்றைக்கு எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மறுநாள் காலையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

எலும்பு டொக்டருக்கு என் கடைசித் தம்பியின் வயதுதான் இருக்கும். அடிமூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, அந்த இரண்டு எலும்புகளையும் ஒன்றாகப் பொருத்திவிட்டால் வலி போய்விடும் என்றார். ஆனால் அந்த மூட்டு பிறகு அசையாது. விரலின் மேல்பகுதி மடங்கும், அடிப்பகுதி வைத்த நிலையில்தான் ஆயுளுக்கும் நிற்கும். கையை மேசையில் தட்டையாக விரிக்கவும் முடியாது. அதனால் என் வேலைக்கு ஏற்றபடி விரலை நிறுத்தவேண்டும், வரும்போது கத்தரிக்கோலையும் கொண்டுவாருங்கள் என்றார்.

அக்கம்பக்கத்தார் விடுவார்களா? கை மரக்கட்டையாகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். வலிக்காத மரக்கட்டை என்றால் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

மயக்க மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். கையை மட்டும் விறைக்க வைத்துத்தான் சத்திரசிகிச்சை செய்தார்கள். முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு துணித்திரை. அந்தப்பக்கம் என் கைக்கு என்னவோ நடக்கிறது, இந்தப்பக்கம் நான் முழித்துக்கொண்டு கிடக்கிறேன். கொஞ்ச நேரத்தில், கம்பி வைத்து இறுக்குவதற்கு முன்னால், டொக்டர் திரையைத் தாழ்த்தச் சொன்னார். கொதிநீரில் அவித்து எடுத்த என் கத்தரிக்கோலை உணர்ச்சியில்லாத என் கையில் மாட்டி, சரியா என்று கேட்டார்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். காயத்தைத் துணியால் மூடியிருந்தார்கள், விரல்கள்தான் தெரிந்தன. தொழில் விஷயம் என்றதும் எனக்குப் பயம் மறந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வெளியாலை வரவேணும் தம்பி" என்றேன்.

தம்பி என்றது வாயில் வந்துவிட்டது. தாதி என்னை முறைத்தார். டொக்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை, சொன்னபடி விரலை வெளியே நகர்த்தினார். வளையம் அழகாகப் பொருந்தியது. அது போதும், இறுக்குங்கோ என்றேன். அவர் இறுக்கவில்லை. கத்தரிக்கோலைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் எந்தக் கையாலை சாப்பிடுறனீங்கள்?"

நாற்பத்தாறு வயதுவரை அந்தக் கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் இத்தனை நாளில் ஒருதடவைகூட அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. அவர் ஈரப் பஞ்சை ஒரு கவளம் அளவுக்கு உருட்டி என் விரல்நுனிகளில் வைத்து, பெருவிரலை அதன் பக்கமாக மடக்கிப் பார்த்தார். பெருவிரல் எட்டவில்லை. பஞ்சு நழுவிக் கீழே விழுந்தது. வாயருகே சோற்றைக் கொண்டுபோனாலும் உள்ளே தள்ளிவிட ஆள் இல்லை. கலியாண வீட்டுப் பந்தியில் வாழையிலைக்கு முன்னால் கரண்டியோடு இருக்கும் என்னை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

இரண்டுக்கும் முழுசாகப் பொருந்துகிற நிலை இல்லை, ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், எதை என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். மேசையில் கிடந்தபடி மகள்மாரை நினைத்தேன், மெஷினை நினைத்தேன். இடது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணைத் துடைக்கவும் கை இல்லை.

"கத்தரிக்கோலை மாத்தலாம் டொக்டர். வாயை மாத்தேலாது."

அவர் சிரித்துவிட்டார். பஞ்சு விழாமல் நிற்கும்வரை விரலை உள்ளே கொண்டுவந்து, பிறகுதான் கம்பியை இறுக்கினார்.

பிளாஸ்டர் வெட்டியபின், கத்தரிக்கோலைக் கோப்பாயில் ஒரு கொல்லரிடம் கொடுத்து, பெருவிரல் வளையத்தை அகட்டிச் சரித்து வாங்கினேன். பெருவிரலைச் சும்மா வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் கத்தரிக்கோலைத் திறந்து மூடப் பழகினேன். பழைய சாறி ஒன்றைக் கந்தலாக்கினேன். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடச் சட்டைக்கு வந்த வெள்ளைத் துணியை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். கோடு கோணாமல் போனது. வலியும் இல்லை. மூத்தவளைக் கூப்பிட்டு, போய்ப் படி என்றேன்.

இன்றைக்கும் கோயிலில் கும்பிடும்போது என் உள்ளங்கைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். கத்தரிக்கோல் வேறு யாருக்கும் பிடிக்க வராத கோணலோடு மெஷின் மேல் கிடக்கிறது. நான் கேட்டதை மட்டும் செய்து கொடுத்திருந்தால் அந்த டொக்டரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கேட்க மறந்ததையும் எனக்காக அவர் கேட்டாரே, அந்த நன்றியைத்தான் ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தை என் பெருவிரல் வாய்க்குள் தள்ளும்போது நினைத்துக்கொள்கிறேன்.