மருந்தடிக்காத தோட்டத்தின் படங்கள்

யசோதா கோத்தகிரியில் பிறந்தவள். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போன குடும்பம். அங்கே அவர்களைச் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். ஏழு வருடங்களுக்கு முன் மோகனராஜைக் கல்யாணம் செய்துகொண்டு இலங்கைக்கு, கண்டியை அடுத்த திகனப் பக்கம் வந்தபோது, இங்கே அவள் ‘இந்தியாக்காரப் பொண்ணு’ ஆனாள்.

மோகனராஜின் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் மரக்கறித் தோட்டம். மாட்டெருவும் சருகு உரமும்தான்; ரசாயன மருந்து கிடையாது. வந்த புதிதில் சிங்களம் பேசத் தெரியாமல் வீட்டோடு கிடந்த யசோதா, போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போக ஆரம்பித்தாள். இங்கே போஞ்சி என்கிற பீன்ஸின் பூவில் நிற்கும் பனி, கறிமிளகாய் பறிக்கும் மாமியாரின் கை, எரு அப்பிய கணவனின் கால் என்று எல்லாவற்றையும் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டாள். ‘விஷமில்லாத மரக்கறி’ என்று கீழே எழுதினாள். கண்டியில் முப்பது வீடுகள் வாராவாரம் அவர்களிடம் வாங்கத் தொடங்கின. அவள் படம் பார்த்தே வந்தவர்கள். இந்த நாட்டில் தன்னாலும் ஒன்று ஆகிறது என்று அவளுக்கு முதல்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலையில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததும், படமெடுக்கலாம் என்று போஞ்சிப் பாத்திக்குப் போனாள். கீழ்த்தட்டில் மோகனராஜ் முதுகில் தெளிப்பான் டேங்கோடு நின்றிருந்தான். வேப்பெண்ணெய்க் கரைசல் என்றுதான் நினைத்தாள். பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியது. கோத்தகிரியில் கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போனவள் அவள். அந்த வாடையை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“என்னங்க இது?”

அவன் மறைக்கவில்லை. “மருந்துதான். வேப்பெண்ணைக்கெல்லாம் இந்த நோய் கேக்காது.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருஷமா. மழைக் காலத்துல மட்டும்.”

“அப்ப நான் போட்ட படமெல்லாம்?”

“படம் நல்லாத்தானே இருந்திச்சு” என்றான் அவன். “அதப் பாத்துத்தானே வாங்குனாங்க.”

அன்றைக்கு முழுக்க யசோதா பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது மருந்தடித்த போஞ்சி, எது அடிக்காதது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த முப்பது வீடுகளில் ஒன்று, கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் றிஸானாவுடையது. அவள் உம்மாவுக்குப் புற்றுநோய். “உம்மாக்கு வேற ஒண்டும் எறங்குதில்ல, யசோதா. ஒங்கட மரக்கறி சூப் மட்டும்தான்” என்று அந்த வாரமும் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். இரண்டு நாள் பதில் போடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் யசோதா பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

றிஸானா சத்தம் போடவில்லை. “நான் படத்தப் பாத்து நம்பினேன்” என்றாள். கதவு மூடியது.

றிஸானா மூலம் மற்றவர்களுக்கும் தெரிந்து, அந்த மாதத்திலேயே முப்பது வீடும் நின்றுபோயின. “எங்கிருந்தோ வந்து எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டா” என்றாள் மாமியார், அவள் காதுபடவே. மோகனராஜ் ஏசவில்லை, பேசவும் இல்லை.

தை மாதம் அவளுடைய விசா முடிந்தது. அதைப் புதுப்பிக்கக் கணவன் கையெழுத்து வைக்க வேண்டும். தாள்களை அவன் முன்னால் வைத்தாள்.

“இங்க இருந்து என்ன செய்யப்போற?” என்றான்.

கோத்தகிரியில் அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி வீட்டில் ஒற்றை அறை. அவள் தாள்களின் மேல் பேனாவை எடுத்து வைத்தாள். அவன் கையெழுத்தைப் போட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினான். இருவரும் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்த் திரும்பினார்கள். இன்னும் ஒரு வருடம் கிடைத்தது.

இப்போது தோட்டத்து மரக்கறி லொறியில் சந்தைக்குப் போகிறது. மருந்தும் ஒளிவுமறைவில்லாமல் அடிக்கிறார்கள். யசோதா படமெடுப்பதில்லை. மருந்தடிக்கிற நாட்களில் ஓடையிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பது அவள்தான்.